இரத்தக் காட்டேரியும் துப்பறியும் இளைஞரும்



ஆண்டுதோறும் ஒக்டோபர் 31ஆம் திகதி இரவில், மேல்நாடுகள் பலவற்றில் ஹலோவீன் என்னும் விழா கொண்டாடப்படுகின்றது. சிறுவர் பேய்வேடம் புனைந்து வீடுதோறும் சென்று இனிப்புப் பெறுவர். அப்பருவத்தில் அங்குள்ள இளைஞர் விரும்பிப் படிக்கும் நூல்களுள் ஒருவகை, வாம்பயர் பற்றிய மர்மக் கதைகளாகும். இறந்த பின்னும் புதைகுழியினின்று எழுந்து வந்து, உயிரோடிருப்போரின் உதிரத்தை உறிஞ்சுவதாகக் கருதப்படும் பிரேதமே வாம்பயர். இரத்தக் காட்டேரி என்று நாம் அதனைச் சொல்லலாம்.

பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் இத்தகைய நூல்களில் மூழ்கியிருப்பதைக் கண்டு பெற்றோர் கவலைகொள்வதுண்டு. இவை மூடநம்பிக்கையை வளர்க்கின்றனவா? அன்றி அறிவைத் தீட்டுகின்றனவா? விடை காண்பதற்கு முன், கதைகளைச் சற்றே ஒதுக்கிவிட்டு, மெய்யாக நிகழ்ந்த ஒன்றைப் பார்ப்போம்.

ஐக்கிய அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில் எக்சிற்றர் என்றோர் ஊர் உண்டு. அங்கு ஜோர்ஜ் பிறவுண் என்னும் கமக்காரரின் மனைவியும் மூத்த மகளும் 1880களில் காசநோயால் மாண்டனர். 1892ஆம் ஆண்டு சனவரியில் மேர்சி என்னும் மற்றொரு மகளும் அதே நோயால் இறந்தாள். அவளுக்கு வயது 19. அவளுடைய சகோதரன் எட்வினும் அந்நோயால் நலிந்து கிடந்தான். ஒரே வீட்டில் ஒருவர்பின் ஒருவராக மடிவதைக் கண்ட அயலார், இறந்தவருள் ஒருவரே எட்வினின் உயிரை உறிஞ்சுகின்றார் என்று கருதினர்.

அவ்வாண்டு மார்ச்சு 17ஆம் திகதி மூவரின் உடல்களும் சோதிக்கப்பட்டன. தாயின் உடலும் மூத்த மகளின் உடலும் பெரும்பாலும் அழிந்திருந்தன. மேர்சியின் உடலோ அழியாதிருந்தது; அவளது இருதயத்தில் இரத்தமும் காணப்பட்டது. இரு மாதங்களே கடந்த உடல், அதுவும் கடுங்குளிர்காலத்தில், அவ்வாறிருப்பது இயற்கையே என்றும், நுரையீரலில் காசநோயின் அடையாளம் உள்ளதென்றும் உடனிருந்த மருத்துவர் கூறினார். எவரும் செவிகொள்ளவில்லை. இருதயத்தை எரித்து, அதன் சாம்பலை நீரிற் கலந்து எட்வினுக்குக் கொடுத்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் அவனும் இறந்தான்.

இங்கே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. காசநோய்க்குக் காரணமான கிருமியை ஜேர்மானிய அறிஞர் றொபேட் கொக் 1882இலேயே கண்டறிந்து உலகுக்கு அறிவித்துவிட்டார். நோயாளி இருமும்போது காற்றின் வழியாக அக்கிருமி உடன் வாழ்வோரைப் பற்றுகின்றது. ஒரு வீட்டார் அடுத்தடுத்து மடிந்தமைக்குக் காரணம் இதுவே. 'கொல்வது யார்?' என்று எக்சிற்றர் மக்கள் கேட்ட கேள்வியில் தவறில்லை. சான்றுகளை ஆராயுமுன் விடையைத் தீர்மானித்துவிட்டார்கள், தவறு அங்கேதான். அதனால், மறுமொழி கூற இயலாத ஓர் இளம்பெண்மீது பழி விழுந்தது.

இதற்கு ஐந்து ஆண்டுகளின் பின், 1897இல், அயர்லாந்து எழுத்தாளர் பிராம் ஸ்ரோக்கரின் 'டிராகுலா' வெளிவந்தது. அந்நாவலில் காட்டேரி மெய்யாகவே உலவுகின்றது. ஆயினும் கதை நடைபெறும் முறையைக் கவனியுங்கள். நாவல் முழுவதும் நாட்குறிப்புக்கள், கடிதங்கள், தந்திகள், பத்திரிகைச் செய்திகள் ஆகியவற்றால் ஆனது. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு உண்மையே தெரியும். மீனா என்னும் இளம்பெண் அவற்றைத் தட்டச்சுச் செய்து, நாள்வாரியாக அடுக்கிய பின்னரே மர்மம் துலங்குகின்றது. காட்டேரியை வீழ்த்துவதற்கு ஈட்டியும் வாளும் மட்டும் போதவில்லை. ஒழுங்குபடுத்திய சான்றும் வேண்டியிருந்தது.

சேர்லொக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளரைப் படைத்த ஆதர் கொனன் டொயில், 1924இல் 'சசெக்ஸ் வாம்பயர்' என்ற சிறுகதையை வெளியிட்டார். தாய் ஒருத்தி தன் கைக்குழந்தையின் கழுத்தில் வாய்வைத்து இரத்தம் உறிஞ்சியதைக் கணவனே காண்கின்றான். கண்ணாற் கண்டபின் ஐயத்துக்கு இடமேது? ஹோம்ஸ் மட்டும் ஐயுறுகின்றார். சுவரில் மாட்டியிருந்த வெளிநாட்டு ஆயுதங்களையும், கால் வழங்காத நாயையும், மூத்தாள் மகனான பதினைந்து வயதுச் சிறுவனின் முகத்தில் தோன்றிய பொறாமையையும் அவர் நோக்குகின்றார். நஞ்சு தோய்ந்த அம்பினால் குழந்தையைக் குத்தியவன் அச்சிறுவனே. தாய் உறிஞ்சியது நஞ்சை. கணவனின் மனம் உடைந்துவிடுமே என்று அவள் உண்மையைச் சொல்லாதிருந்தாள். காட்டேரி என்று பழிக்கப்பட்டவளே குழந்தையின் உயிரைக் காத்தவள்!

நம் காலத்து இளைஞர் நூல்களும் இவ்வழியிலேயே செல்கின்றன. 2005இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய ஸ்டெபனி மேயரின் 'ட்வைலைட்' ஒரு காதற் கதை. எனினும், அதன் முற்பகுதியில் பதினேழு வயதுப் பெல்லா, உடன்பயிலும் மாணவன் யார் என்பதை அறியச் சிறுசிறு குறிப்புக்களைச் சேர்த்து, ஒப்புநோக்கி, ஒரு முடிவுக்கு வருகின்றாள்.

ஆகவே, பெற்றோர் ஒரு நூலைக் கையிலெடுக்கும்போது, அதில் பேய் உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்தல் போதாது. அக்கதையில் வருவோர் சான்று தேடுகின்றனரா, அன்றி வதந்தியைக் கேட்டதும் கல்லெறியப் புறப்படுகின்றனரா என்பதையும் பார்க்க வேண்டும். பேயை நம்பாத வீட்டிலும் வதந்தி நுழைவதுண்டு. தன்மேல் விழுந்த பழிக்கு மறுமொழி கூற இயலாத ஒருவருக்காக, 'சற்றுப் பொறுங்கள், சான்று எங்கே?' என்று ஓர் இளைஞன் கேட்கப் பழகுவானாயின், அவன் இரவில் விளக்கை அணைக்க அஞ்சிப் படித்த நூல் வீண்போகவில்லை. எக்சிற்றர் இடுகாட்டில் அன்று ஒரு மருத்துவர் அவ்வாறு கூறினார். அவரோடு சேர்ந்து சொல்ல இன்னும் சிலர் இருந்திருக்கலாம்.