உங்களுக்குத் தெரியுமா? பக்கவாதத்தில் மூளைப் படம் சொல்லும் கணக்கு

பக்கவாதத்தில் ரத்தக்குழாய் அடைபட்டதும் மூளையின் அப்பகுதி முழுவதும் உடனே இறந்துவிடுவதில்லை. நடுப்பகுதி மடிந்தாலும், அதைச் சுற்றியுள்ள திசு குறைந்த ரத்தத்தில் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். இவ்விரண்டையும் சிடி, எம்ஆர்ஐ படங்கள் பிரித்துக் காட்டுவதால், அடைப்பை நீக்கினால் எவ்வளவு மிஞ்சும் என்று முன்கூட்டியே கணிக்கலாம். இப்படிப் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூட ரத்தக்கட்டியை வெளியே எடுப்பது பலன் தரும் என்று 2018இல் வெளியான டான் ஆய்வு காட்டியது.

அப்படியானால் நிதானமாகப் போகலாமா? கூடாது. அவ்வளவு நேரம் தாங்குவது திசு மெதுவாக மடியும் சிலருக்கு மட்டுமே. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான வரம்பு நாலரை மணி நேரம்தான். படமும் தவறுவதுண்டு: மிக ஆரம்பத்தில் எடுக்கும், ரத்த ஓட்டத்தைக் காட்டும் பெர்ஃப்யூஷன் சிடி, பிழைக்கக்கூடிய திசுவையும் செத்ததாகக் காட்டிவிடலாம். பெரிய சேதம் தெரிந்தவர்களில்கூடக் கட்டி அகற்றப்பட்டவர்களே மேலாகத் தேறினார்கள் என்று 2023இல் செலக்ட் 2 ஆய்வு சொன்னது. ஆகவே படத்தை மட்டும் பார்த்து ஒருவரைக் கைவிடுவது சரியல்ல. தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்தில் ஒருவருக்கு வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108ஐ அழைத்து, தூத்துக்குடியிலோ திருநெல்வேலியிலோ பக்கவாதச் சிகிச்சை உள்ள மருத்துவமனைக்கு நேரே போவதே முதல் வேலை.