மைதானத்தில் நமக்கும் ஒரு மணி நேரம்



வேலூர் நேதாஜி ஸ்டேடியம் என்றதும் நம்மில் பலருக்கு ஆகஸ்ட் 15, ஜனவரி 26 கொடியேற்று விழாதான் ஞாபகம் வரும். "விளையாடுற எடத்துல எதுக்குங்க விழா வைக்கிறாங்க?" என்று குழுக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் எங்களைக் கேட்டார். நல்ல கேள்வி.

பெரிய மைதானம் எதுவும் ஒரே வேலைக்கு மட்டும் இருப்பதில்லை. சென்னை நேரு ஸ்டேடியத்தையே பாருங்கள். முன்பு அது கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 முதல் 1965 வரை அங்கே டெஸ்ட் கிரிக்கெட் நடந்தது. பிறகு கிரிக்கெட் சேப்பாக்கத்துக்குப் போய்விட்டது. 1993-ல் கால்பந்துக்காகப் புதிதாகக் கட்டினார்கள். 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. 2022-ல் அதன் உள்ளரங்கில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா நடந்தது.

நம் வீட்டு அடுப்புக்கும் அந்த மைதானத்துக்கும் சம்பந்தம் உண்டு. 2006 மே 13-ல் கலைஞர் கருணாநிதி அங்கேதான் முதலமைச்சராகப் பதவியேற்றார். கிலோ 2 ரூபாய் ரேஷன் அரிசிக்கும், கூட்டுறவு விவசாயக் கடன் தள்ளுபடிக்கும் அந்த மேடையிலேயே கையெழுத்துப் போட்டார். 2011-ல் அந்த அரிசி இலவசமானது.

ஏன் இப்படிப் பல வேலைக்கு விடுகிறார்கள்? ஸ்டேடியத்தைப் பராமரிக்கச் செலவு அதிகம். ஆயிரக்கணக்கான பேர் கூட வேறு இடமும் எளிதில் கிடைக்காது. ஆனால் பந்தல் குழி தோண்டினால் தரை கெடும். விழா நாளில் பயிற்சி நின்றுபோகும். அதனால் எந்த நாள் யாருக்கு என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

நம் ஊர் மைதானத்துக்கும் இதுதான் கதை. அறுப்பு நேரத்தில் நெல் காயும், திருவிழாவில் கூத்து நடக்கும், ஞாயிற்றுக்கிழமை பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். எல்லாம் சரிதான். பெண் பிள்ளைகளுக்கு எந்த நேரம்?

ஆம்பூர் பக்கம் ஒரு ஊரில் ஷூ கம்பெனிக்குப் போகும் அம்மா ஒருவர் சொன்னார்: "எம்பொண்ணு ஸ்கூல்ல நல்லா கபடி ஆடுவா. வயசுக்கு வந்ததும் நானே நிறுத்திட்டேன். சாயந்திரம் அங்க பூரா ஆம்பளைங்க, லைட்டும் இல்ல. எப்படி அனுப்புறது?"

தப்பு அந்தத் தாயிடம் இல்லை. நாள் முழுக்கக் குனிந்து மேல்தோல் தைக்கும் நமக்கும் கை கால் நீட்டி நடக்க ஓர் இடம் வேண்டாமா?

மைதானம் ஊர்ச் சொத்து. அதைப் பற்றிக் கிராம சபையில் பேச நமக்கு உரிமை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். குழுவாகப் போய்க் கேட்போம்:

1. தினமும் மாலை ஒரு மணி நேரம் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும்.
2. லைட்டும் கழிப்பறையும் வேண்டும்.
3. 2024 முதல் ஊராட்சிகளுக்குத் தந்த கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் எங்கே இருக்கின்றன? பெண் பிள்ளைகளுக்கும் தர வேண்டும்.

கேட்டதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுவோமா?