கண்ணாடித் தொட்டியிற் கடல்: ஒளியும் வெப்பமும்

1846 ஆம் ஆண்டில் அன்னா தின் என்னும் ஆங்கிலப் பெருமாட்டி தோர்க்கீக் கடற்கரையிற் கண்டெடுத்த சில முருகை உயிர்களைக் கடல்நீர் நிறைந்த சாடியிலிட்டு இலண்டன் மாநகருக்குக் கொண்டு சென்றார். தேங்கிக் கிடக்கும் நீரில் அவை நெடுநாள் வாழா என்பதை உணர்ந்த அவர், திறந்த சாளரத்தின் முன் நின்று நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றில் ஊற்றியும், மீள ஊற்றியும் காற்றூட்டும்படி பணிப்பெண்ணொருத்தியை ஏவினார். சாளரத்து வழி வந்த காற்றும் அப்பெண்ணின் கைகளுமே அன்று கடலின் தொழிலைச் செய்தன.

அந்நாள் தொட்டு இன்றுவரை, கடலுயிர்களைக் கண்ணாடிக்குள் வளர்க்க முயன்றோர் யாவரும் கடலின் தொழில்களுள் ஒவ்வொன்றாகத் தம் கைவசப்படுத்த முயன்றோரேயாவர். சகார்த்தா நகரிற் கடல்மீன் வளர்த்த லீ சின் எங் என்பார், உயிர்கள் செறிந்த பாறைத் துண்டுகளையும் காற்றுக் குமிழிகளையும் ஞாயிற்றொளியையும் மட்டுமே துணையாகக் கொண்டு முருகைகளை வாழவைத்த முறையை 1961 இல் எழுதி வெளியிட்டார். நிலநடுக்கோட்டின் அருகே வாழ்ந்த அவருக்கு ஒளி விலையின்றிக் கிடைத்தது. பிற நாட்டார் அதனை மின்விளக்கினாற் பெறவேண்டியவராயினர். விளக்கு வந்தபோது அதனோடு வெப்பமும் வந்தது. ஒளியைக் கூட்டினால் வெப்பமும் கூடும். வெப்பத்தைக் குறைக்க விசிறி வைத்தால் நீர் குறையும். நீர் குறைந்தால் உப்பு மிகும். ஒன்றையொன்று பற்றி நிற்கும் இத்தொடர்பை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முருகையின் இயல்பு

முருகைக்கல் என வழங்குவது கல்லன்று. கல்லைக் கட்டும் உயிரின் இல்லம். குழிக்குடலிகளைச் சேர்ந்த பொலிப்பு என்னும் சிற்றுயிர் கடல்நீரிலுள்ள கல்சியத்தைப் பிரித்துத் தன் அடியிற் கல்சியங் காபனேற்றாகப் படியச் செய்கின்றது. இவ்வாறு கோடிக்கணக்கான பொலிப்புக்கள் பல நூற்றாண்டுகளாகக் கட்டிய மனையே முருகைக்கற்பார்.

இப்பொலிப்பின் உட்பகுதிக் கலங்களினுள்ளே சூசாந்தெல்லா என்னும் ஒருகல அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை ஒளியைப் பெற்று ஒளித்தொகுப்பினால் உணவாக்கி, அதிற் பெரும்பங்கைத் தம்மை வைத்துக் காக்கும் பொலிப்புக்கு அளிக்கின்றன. பொலிப்பின் கழிவுகளை அவை உரமாகக் கொள்கின்றன. எனவே முருகை விலங்காயினும் பயிரைப்போல ஒளியை நாடி நிற்கின்றது. கறிமீன் வளர்ப்போன் உணவிடுவதைப்போல முருகை வளர்ப்போன் ஒளியிட வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இந்நட்பு நுண்ணியது. நீரின் வெப்பநிலை அவ்விடத்துக் கோடைக்கால உச்சத்தினின்று ஒன்று அல்லது இரண்டு பாகை செல்சியசு உயர்ந்து சில வாரங்கள் நிலைப்பினும், ஒளி திடீரெனப் பெருகினும், அல்காவின் ஒளித்தொகுப்புப் பொறி பழுதுற்றுத் தீங்கு பயக்கும் ஒட்சிசன் வகைகளைத் தோற்றுவிக்கின்றது. அப்போது பொலிப்பு தன் விருந்தினரைத் தானே வெளியேற்றி விடுகின்றது. நிறம் தந்த அல்கா நீங்கவே, உயிர்த்தசையினூடே வெண்சுண்ணம் தோன்றுகின்றது. இதுவே வெளிறல் எனப்படுவது. வெளிறிய முருகை உடனே இறந்ததன்று, பட்டினி கிடக்கின்றது. விரைவில் நிலைமை சீர்ப்படின் அது மீளும், அன்றேல் மடியும்.

ஒளியின் நிறமும் அளவும்

ஞாயிற்றின் வெள்ளொளி கடலில் இறங்குங்கால் அதன் நிறங்கள் ஒருசேர இறங்குவதில்லை. செந்நிறம் சில மீற்றர் ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் உறிஞ்சப்படும். நீலமே மிக ஆழஞ் செல்லும். சூசாந்தெல்லாவின் நிறப்பொருள்களும் இந்நிலைமைக்கு ஏற்றனவாக, 400 முதல் 500 நனோமீற்றர் வரையுள்ள நீலப் பகுதியைச் சிறப்பாக ஏற்கின்றன. ஆதலின் மனிதன் கண்ணுக்குப் பளிச்சென்று தோன்றும் விளக்கு முருகைக்கும் சிறந்ததாதல் வேண்டும் என்பதில்லை. மனிதக் கண் பச்சை ஒளியையே மிகுதியாக உணர்வது. முருகை வேண்டுவது நீலம்.

ஒளியின் அளவை ஒரு சதுர மீற்றர்ப் பரப்பில் ஒரு செக்கனில் விழும் ஒளித்துணிக்கைகளின் தொகையாக, மைக்கிரோமோல் என்னும் அலகிற் கணிப்பர். நண்பகல் ஞாயிறு நிலத்தின்மேல் ஏறத்தாழ 2,000 மைக்கிரோமோல் ஒளியைப் பொழிகின்றது. தொட்டியில் வளரும் மென்முருகைகளுக்கு ஏறத்தாழ 100 போதும். கிளைவிட்டு வளரும் கன்முருகைகளுக்கு 200 முதல் 350 வரை வேண்டப்படும். ஆகவே ஒளிமிக்க மேற்பகுதியிற் கிளைமுருகையும் மங்கிய அடிப்பகுதியில் மென்முருகையும் வைத்தலே முறை.

பழைய விளக்கும் புதிய விளக்கும்

சிறு தொட்டிகளின் மூடியில் முன்னர்ப் புளோரொளிர் குழாய்களே பொருத்தப்பட்டன. மிகுந்த ஒளி வேண்டியோர் 150 உவாற்று உலோக ஏலைட்டு விளக்கைத் தொங்கவிட்டனர். முன்னையதின் ஒளி ஏறத்தாழ ஓராண்டில் தளர்ந்து நிறமும் பிறழும். பின்னையது ஒளியோடு மிகுந்த வெப்பக் கதிர்களையும் நீர்மேற் பொழியும்.

எல். ஈ. டி. எனச் சுருக்கமாக வழங்கும் ஒளிகாலும் இருவாயி இந்நிலையை மாற்றியது. கண்ணுக்குப் புலனாகும் செவ்வொளி தரும் இருவாயியை 1962 இல் நிக் ஒலோனியாக் என்பவர் ஆக்கினார். ஆயினும் செறிந்த நீலவொளி தரும் இருவாயி 1990 ஆம் ஆண்டுகளிலேயே கைகூடியது. அதற்கு வழிகண்ட அக்காசாக்கி, அமானோ, நாக்கமுரா என்னும் மூவர்க்கும் 2014 இற் பௌதிகத்துக்கான நொபெல் பரிசு வழங்கப்பட்டது. முருகை வேண்டும் நீலமும் இதனாற் குறைந்த மின்செலவிற் கிடைப்பதாயிற்று.

எல். ஈ. டி. விளக்குக்கு வெப்பமே இல்லை என்று பலர் கருதுவர். அது தவறு. அவ்விளக்கின் ஒளிக்கற்றையில் வெப்பக்கதிர் மிகக் குறைவு என்பதே உண்மை. அது கொள்ளும் மின்சத்தியில் ஏறத்தாழ அரைப்பங்கு வெப்பமாகி, இருவாயியின் அடியிலே தங்குகின்றது. அவ்வெப்பத்தை அலுமினியத் தகட்டின் வழியே காற்றுக்கு ஈந்து விடாவிடில், இருவாயி தன் வெப்பத்தினாலே தானே மங்கிக் கெடும். பழைய விளக்கு வெப்பத்தைக் கீழ்நோக்கி நீருக்கு அளித்தது. புதிய விளக்கு மேல்நோக்கித் தன் முதுகில் ஏற்றுகின்றது. எனவே பழைய மூடிக்குள்ளே புதிய விளக்கைப் பொருத்துவோர், அலுமினியத் தகடு மூடிக்கு வெளியே காற்றுப் படும்படி நிற்றலைக் கவனித்தல் வேண்டும்.

புதிய விளக்கை முதல்நாளிலேயே முழுவலியோடு எரித்தல் பெரும்பிழை. மங்கிய குழாயொளிக்குப் பழகிய முருகை, செறிந்த ஒளியிற் சில நாட்களில் வெளிறிவிடும். நன்மை செய்யப் புகுந்தோன் கையாலேயே கேடு விளைதல் இவ்விடத்தேதான். விளக்கை முன்னிருந்த ஒளியின் அளவுக்கு இறக்கித் தொடங்கி, நான்கு முதல் ஆறு வாரங்களிற் படிப்படியாக ஏற்றுதல் தக்கது. மாணவனுக்குப் பாடத்தைப் படிமுறையாகக் கற்பித்தல் போன்றதே இதுவும்.

வெப்பக் கணக்கு

90 இலீற்றர் கடல்நீர் கொள்ளும் தொட்டியொன்றைக் கருதுக. அந்நீரை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 370 கிலோயூல் வேண்டும். விளக்கினாலும் நீருள் மூழ்கிய பம்பியினாலும் 50 உவாற்று வெப்பம் நீரைச் சேருமாயின், ஒரு மணி நேரத்தில் 180 கிலோயூல் சேரும். அஃதாவது, இழப்பு யாதுமில்லையெனின், வெப்பநிலை மணிக்கு ஏறத்தாழ அரைப் பாகை உயரும். காலையில் 26 பாகையாய் இருந்த நீர் மாலையில் 30 பாகையைக் கடத்தல் கூடும். உண்மையில் நீர்ப்பரப்பும் கண்ணாடியும் வெப்பத்தை ஓரளவு வெளியிடும் ஆதலின் உயர்வு குறையும்; ஆயினும் மூடிய தொட்டியில் அவ்விழப்புச் சிறிதே.

பெருங்கடல் பகலெல்லாம் வெயில் பட்டும் ஒரு பாகை உயர்தல் அரிது. அதன் பருமை அதனைக் காக்கின்றது. சிறு தொட்டிக்கு அக்காப்பில்லை. மேலும், நீர் சூடேற அதிற் கரையும் ஒட்சிசன் குறையும். 25 பாகையிற் கடல்நீர் இலீற்றருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஒட்சிசன் கொள்ளும். 30 பாகையில் 6.2 மட்டுமே. உயிர்கள் மிகுதியாக மூச்செடுக்கும் வேளையிலேயே மூச்சுக்குரிய பொருள் அருகுகின்றது.

விசிறியின் தொழில்

மண்கூசாவில் வைத்த நீர் தண்ணென்றிருத்தல் யாவரும் அறிந்தது. சுவரிற் கசிந்த நீர் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய மறைவெப்பத்தை உள்ளே நிற்கும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்கின்றது. விசிறியின் தொழிலும் இதுவே. அது குளிரை உண்டாக்குவதில்லை. நீர்ப்பரப்பின்மேற் படிந்துள்ள ஈரக்காற்றை அகற்றி உலர்காற்றைக் கொணர்ந்து ஆவியாதலை விரைவுபடுத்துகின்றது.

ஒரு கிலோகிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,430 கிலோயூல் வேண்டும். மேற்கூறிய 50 உவாற்று வெப்பம் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் சேரின் மொத்தம் 1,800 கிலோயூலாகும். இதனை ஈடுசெய்ய முக்கால் இலீற்றர் நீர் ஆவியாதல் போதும். சில உவாற்று மின்னே கொள்ளும் சிறு விசிறி இதனைச் செய்துவிடும். குளிரூட்டும் இயந்திரத்தின் விலையோடு ஒப்பிடுமிடத்து இதன் சிறப்பு விளங்கும்.

பழைய மூடிகளில் 40 மில்லிமீற்றர் அளவான சிறு விசிறிகள் அமைந்திருக்கும். அவை விரைந்து சுழன்று இரைச்சல் மிகச் செய்தும் சிறிதளவு காற்றையே தள்ளுவன. கணினிகளுக்கென ஆக்கப்படும் 12 வோல்ற்று, 120 மில்லிமீற்றர் விசிறி மெல்லச் சுழன்றும் மிகுந்த காற்றைத் தரும், ஓசையும் குறைவு. அதனை அறைக்காற்றை உள்ளே தள்ளும்படி பொருத்துவது நன்று. வெளியே இழுக்கும்படி பொருத்தின் உப்பேறிய ஈரக்காற்று முழுவதும் விசிறியின் பொறியினூடே சென்று அதனை அரித்துவிடும். மூடியின் மறுபுறத்திற் காற்று வெளியேற வழி இருத்தல் வேண்டும். வழியின்றேல் விசிறி அதே ஈரக்காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். திறந்த வழிகளுக்கு வலையிடல் மீன் துள்ளி வீழாமைக்கு உதவும்.

வெப்பநிலையை அறிந்து தானே இயக்கும் ஆளியொன்றும் வேண்டும். 26.5 பாகையில் விசிறியைத் தொடக்கி 26 பாகையில் நிறுத்துமாறு அதனை அமைக்கலாம். ஒரு பெரிய விசிறியை மட்டும் நம்புவதினும் இரண்டைத் தனித்தனி மின்வழியில் இணைத்தல் மேல். விசிறி நின்றுபோன ஒரு பிற்பகலே பல்லாண்டு வளர்ச்சியை அழிக்கப் போதுமானது. மின்கம்பிகள் தாழ்ந்து வளைந்து, வழியும் நீர் ஆளியைச் சேராது கீழே சொட்டும்படி அமைதலும், மின்கசிவு கண்டு துண்டிக்கும் ஆளி இருத்தலும் வளர்ப்போனது உயிர்க்காப்புக்கு இன்றியமையாதன.

விசிறியின் எல்லை

இம்முறைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது உப்புப் பற்றியது. ஆவியாவது நன்னீர் மட்டுமே. உப்புத் தொட்டியிலேயே தங்கும். நாளொன்றுக்கு முக்கால் இலீற்றர் வீதம் ஒரு வாரம் குறையவிடின், இலீற்றருக்கு 35 கிராமாய் இருந்த உப்பு 37 கிராமாக உயரும். குறைந்ததை ஈடுசெய்யக் கடல்நீரை ஊற்றுவோர் உப்பையே மேலும் ஊற்றுவோராவர். தூய நன்னீரை நாடோறும் சிறிது சிறிதாக ஊற்றுதலே முறை. விசிறியைப் பெரிதாக்குவோன் நீர் ஊற்றும் கடமையையும் பெரிதாக்குகின்றான் என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது காற்றின் ஈரப்பதன் பற்றியது. ஈரக்குமிழ் வெப்பமானி காட்டும் நிலைக்குக் கீழே ஆவியாதலால் எந்த நீரும் குளிராது. காற்று 30 பாகையும் அதன் சாரீரப்பதன் 80 வீதமும் ஆயின், அந்நிலை ஏறத்தாழ 27 பாகையாகும். மாரிக்காலத்திற் கூசா நீர் கோடையிற்போலக் குளிராமைக்கும் காரணம் இதுவே. அத்தகைய இடங்களில் விளக்கின் அளவைக் குறைத்தலும், தண்மையான இரவில் விளக்கெரித்துப் பகலை இரவாக்கலும், இவை போதாவிடிற் குளிரூட்டும் இயந்திரத்தை நாடலும் வழிகளாகும்.

கடலுக்கு விசிறி உண்டோ?

தொட்டிக்கு உரைத்த இவ்விதிகள் கடலுக்கும் பொருந்தும். 1998 இல் இந்துமாகடல் வெப்பமுற்றபோது இலங்கையில் இக்கடுவை, கற்பிட்டி ஆகிய இடங்களை அடுத்த ஆழங்குறைந்த பார்களில் முருகைகள் பெருவாரியாக வெளிறி மடிந்தன. உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்வு 2024 ஏப்பிரலில் உறுதி செய்யப்பட்டது. கண்ணாடித் தொட்டியில் இரண்டு பாகை உயர்ந்தால் வளர்ப்போன் பதறி எழுந்து விசிறியை முடுக்குகின்றான், குறைந்த நீரை ஊற்றுகின்றான், விளக்கைத் தாழ்த்துகின்றான். கடலில் அதே இரண்டு பாகை உயருங்கால் முடுக்குதற்கு விசிறி இல்லை.

சிறு தொட்டியைப் பேணுதல் பொழுதுபோக்கெனச் சிலர் எண்ணுவர். ஓர் உயிர் வாழ்வதற்கு ஒளி, வெப்பம், நீர், உப்பு என்பன எத்துணை நெருங்கிய எல்லைக்குள் நிற்கவேண்டும் என்பதை வெப்பமானியும் அளவுகோலும் கொண்டு நாடோறும் கற்பிக்கும் பள்ளியே அது. அப்பள்ளியிற் பயின்ற மாணவன் அரைப் பாகையின் விலையை அறிவான். அவ்வறிவு தொட்டியின் எல்லையைக் கடந்து கரைக்கும் கடலுக்கும் செல்லுமாயின், அன்னா தின் தம் சாளரத்தருகே தொடங்கிய முயற்சி தன் பயனை எய்தியதாகும்.