வேலிக்கு முன்னே எல்லை

வளவை அடைப்பது வீட்டுக்காரரின் சொந்த விஷயம் என்றே நம்மில் பலரும் எண்ணுகிறோம். வீட்டுக்கு வரைபடம் கீறிப் பிரதேச சபைக்குக் கொண்டுபோகிறவர்கூட, மதிலுக்கு மேசனைக் கூப்பிட்டால் போதும் என்று இருந்துவிடுகிறார். பாசிக்குடா போன்ற கரையோர ஊரில் இந்த எண்ணம் பின்னால் பெருஞ்செலவு வைக்கும். இங்கே ஒரு வளவின் ஒரு பக்கம் அயலவர், இன்னொரு பக்கம் வீதி, மற்றப் பக்கம் கடலோ வாவியோ இருக்கக்கூடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் வெவ்வேறு சட்டம் பேசுகிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகும். சட்டத்துக்கு முதலில் எல்லையும் பொதுவழியும். வேலி அதற்குப் பிறகுதான். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி, முதலில் மதிலைக் கட்டிவிட்டுப் பிறகு எல்லையைத் தேடுவதால்தான் வழக்குகள் பிறக்கின்றன.

அயலவர் பக்கத்தை முதலில் எடுப்போம். 1978 நவம்பர்ச் சூறாவளி, தொண்ணூறுகளின் இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை என்று அடுத்தடுத்து அடிபட்ட இந்தக் கரையில், எல்லைக் கல்லும் எல்லை மரமும் பல வளவுகளில் மிஞ்சவில்லை. மிஞ்சியது உறுதியும் நில அளவைப் படமும்தான். ஞாபகத்தை நம்பிப் போட்ட வேலி ஒரு முழம் தள்ளிப்போனாலும், அது சின்ன விஷயமாக நின்றுவிடுவதில்லை. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமையாளருக்கு எதிராகப் பத்து ஆண்டுகள் தடையின்றிக் காணியை ஆண்டவர் அதற்கு உரித்துக் கோரலாம். போரால் ஊருக்குத் திரும்ப முடியாதவர்கள் இந்தப் பத்தாண்டுக் கணக்கில் காணியை இழக்கக் கூடாது என்பதற்காகவே 2016 இல் 5 ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. கோபத்தில் இரவோடிரவாக வேலியைப் பிடுங்குவதும் பயன் தராது. சமாதானம் கெடும் நிலை வந்தால், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ்ப் பொலிஸார் நீதிமன்றம் போவார்கள். அங்கே காணி யாருடையது என்பது தீர்க்கப்படாது. யார் ஆட்சியில் இருந்தார் என்பதே பார்க்கப்படும். வழக்குக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரிடம் ஆட்சி திரும்பிப் போகும். ஆகவே, அனுமதி பெற்ற நில அளவையாளரை அழைத்து, அயலவரையும் பக்கத்தில் நிறுத்தி எல்லையை அளப்பதே மிகக் குறைந்த செலவில் முடியும் வழி.

வீதிப் பக்கத்தில் கேட்க வேண்டிய முதற் கேள்வி, அந்த வீதி யாருடையது என்பது. வாழைச்சேனை வழியாகத் திருகோணமலைக்குப் போகும் ஏ-15 போன்ற ஏ, பி தரப் பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு உரியவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதித் திணைக்களத்தின் பொறுப்பு. உள்ளூர் ஒழுங்கைகள் பிரதேச சபையின் பொறுப்பு. ஒழுங்கைக்கு விட வேண்டிய இடமும் பெருவீதிக்கு விட வேண்டிய இடமும் ஒன்றல்ல. நகர அபிவிருத்தி அதிகாரசபையின் 1978 ஆம் ஆண்டுச் சட்டம் செல்லுபடியாகும் இடங்களில், எந்தக் கட்டமைப்பை எழுப்புவதும் அபிவிருத்தி வேலையாகவே கொள்ளப்படும். அனுமதியின்றி எழுப்பியதை நீதவான் நீதிமன்ற உத்தரவு பெற்று இடிக்கவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. மதிலுக்குத் தனி அனுமதி கேட்டுப் பெறுவது அதனால் வெறும் சடங்கல்ல.

கடற்பக்கம்தான் பாசிக்குடாவுக்கே உரிய சிக்கல். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரையுள்ள பகுதியைக் கரையோர வலயமாக வகுக்கிறது. 2011 ஆம் ஆண்டுத் திருத்தம் கடலோடு தொடுக்கும் களப்புகளின் ஓரத்தையும் 100 மீற்றர் வரை இதற்குள் கொண்டுவந்தது. இந்த வலயத்துக்குள் கட்டடம் எழுப்பவும், மண் நிரப்பவும், இயற்கையாக வளர்ந்த செடிகொடிகளை அகற்றவும் உத்தரவுப் பத்திரம் வேண்டும். அதேநேரம் கரையைக் குலைக்காமல் பயிரிடுவதற்கும் மரம் நடுவதற்கும் மீன்பிடிக்கும் இந்த உத்தரவுப் பத்திரம் வேண்டியதில்லை. பூவரசும் கிளிசரியாவும் நட்டு வளர்க்கும் உயிர்வேலிக்குச் சட்டம் காட்டும் சலுகை இது. சீமெந்துக் கல் மதிலுக்கு அந்தச் சலுகை கிடையாது.

மாடு புகுந்து பயிரைத் தின்கிறது, கள்ளர் பயம் இருக்கிறது, உட்பகுதிகளில் யானை வருகிறது, ஆகவே பலமான அடைப்பு வேண்டும் என்பது நியாயமான மறுப்பே. ஆனால் பாதுகாப்புத் தேவை அனுமதியை விலக்கிவிடாது. இங்கிலாந்தில் குடியேறிய நம்மவர்கள் வாகன வீதியோரத்தில் 1 மீற்றருக்கும் மற்ற இடங்களில் 2 மீற்றருக்கும் மேல் வேலி உயர்த்த வேண்டுமானால் அங்கே அனுமதி கேட்கிறார்கள். அதனால் அவர்களின் வீடுகள் பாதுகாப்பை இழந்துவிடவில்லை. யானைக்குப் பயந்து வீட்டு மின்னை முள்ளுக்கம்பியில் பாய்ச்சுவது சட்டவிரோதம் மட்டுமல்ல, ஆளைக் கொல்லும். வனஜீவராசிகள் திணைக்களத்தின் யானை வேலியில் போவது நொடிக்குள் வந்து மறையும் துடிப்பு மின்; வீட்டுக் கம்பியில் போவது விடாத மின்.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. 2009 க்குப் பிறகு பாசிக்குடாக் கரை சுற்றுலா வலயமானபோது ஹோட்டல்கள் வரிசையாக எழுந்தன. தோணி இழுக்கும் இடமும் கரைக்குப் போகும் பழைய வழிகளும் சுருங்கின என்று கடற்றொழிலாளர்கள் முறையிட்டார்கள். பெரியவர்களை விட்டுவிட்டுச் சிறு வளவுக்காரரை மட்டும் சட்டம் பிடிப்பதா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கு விடை, எல்லோரும் மீறலாம் என்பதல்ல. அரசின் உரிமையை ஆட்சியுரிமைச் சட்டம் பாதிக்காது. கரையை யார் எத்தனை ஆண்டு அடைத்து வைத்திருந்தாலும் அது அவருக்குச் சொந்தமாகாது. ஹோட்டல் மதிலுக்கும் வீட்டு வேலிக்கும் இந்த விதி ஒன்றுதான். தன் வேலியைச் சரியான கோட்டில் வைத்திருப்பவருக்கே அடுத்த மதிலைச் சுட்டிக்காட்டும் உரிமையும் தைரியமும் இருக்கும்.

விதிகள் ஏழைக்குச் சுமை என்பது கடைசி மறுப்பு. உறுதி தொலைந்தவரும் அனுமதிப்பத்திரக் காணியில் இருப்பவரும் எங்கே போவது என்று தெரியாமல் அலைகிறார்கள் என்பது உண்மை. அந்தச் சுமையைக் குறைக்கும் கடமை அலுவலகங்களுடையது. மதிலுக்கு யாரிடம் அனுமதி, வீதியிலிருந்து எவ்வளவு விட வேண்டும், கரையோர வலயம் எதுவரை என்பதைப் பிரதேச சபை ஒரே தாளில் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் ஒட்டிவைக்க வேண்டும். வீட்டுக்காரர் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. உறுதிக் காணியானால் காணிப் பதிவகத்திலும் அனுமதிப்பத்திரக் காணியானால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவிலும் பதிவைப் பாருங்கள், எல்லையை அளந்துகொள்ளுங்கள், அயலவரோடு பேசுங்கள், சபையில் எழுத்தில் அனுமதி பெறுங்கள். கல்லும் சீமெந்தும் வாங்குவது அதற்குப் பிறகு.