நோயுற்ற கணினியும் புறநின்ற சாட்சியும்

கணினி நச்சுநிரல்களை அகற்றும் முறைகளுள், மீட்பு வட்டு ஒன்றினால் கணினியைத் தொடக்கித் துப்புரவு செய்யும் முறை தனித்து நோக்கத்தக்கது. கணினி திருத்துவோர் இதனை ஒரு கைத்தொழில் நுட்பமாகவே கையாண்டு வருகின்றனர். ஆயின் இந்நுட்பத்தின் அடியில் அறிவாராய்ச்சி சார்ந்த வினாவொன்றும், உடைமையும் அதிகாரமும் சார்ந்த வினாவொன்றும் பொதிந்துள்ளன. நோயுற்ற முறைமை தன்னைப் பற்றித் தானே கூறும் சான்றினை ஏற்கலாமா என்பது முதலாவது. ஒரு கணினி இயங்கத் தொடங்கும் முதற் கணத்தில் அது எவருடைய ஆணைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது இரண்டாவது. மீட்பு வட்டின் தொழிற்பாட்டை விளக்கி, அதன் வழியே இவ்விரு வினாக்களையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நச்சுநிரல் என்னும் சொல்

தன்னைத் தானே பிரதிசெய்யும் பொறி பற்றிய கோட்பாட்டினை ஜோன் வொன் நியூமன் 1940களின் இறுதியில் விரிவுரைகளாக நிகழ்த்தினார். அவர் மறைவின் பின்னர், 1966இல், அவை ஆர்தர் பேர்க்சினால் நூலாக்கப்பட்டன. 1983 நவம்பரில், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவராயிருந்த பிரெட் கோகென், பிற நிரல்களுக்குள் தன்னைப் பதித்துப் பெருகும் நிரலொன்றை யுனிக்ஸ் முறைமையொன்றில் இயக்கிக் காட்டினார். ஐந்து முறை நிகழ்த்தப்பட்ட அப்பரிசோதனையில், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்குள் முறைமையின் முழு அதிகாரமும் அந்நிரலின் கைக்கு வந்தது. அதற்கு ‘வைரசு’ என்னும் பெயரை முன்மொழிந்தவர் அவருடைய ஆசிரியர் லெனாட் அடில்மன் ஆவார்.

இப்பெயர் பொருத்தமுடையதெனினும் ஓர் உண்மையை மறைக்கின்றது. உயிரியல் வைரசு இயற்கையின் விளைவு. கணினி நச்சுநிரலோ மனிதரால், ஒரு நோக்கத்தோடு எழுதப்படுவது. அதன் பின்னால் எழுதியவர் உளர். பல வேளைகளில் அவருக்குக் கூலி கொடுப்போரும் உளர். இயற்கை அனர்த்தம் போல அதனைக் கருதுவது இச்சமூக உறவுகளைக் கண்ணுக்குப் புலப்படாமற் செய்துவிடும்.

2. முதல் 512 எழுத்தலகுகள்

கணினிக்கு மின்னூட்டியதும் நிகழ்வது யாதெனச் சுருக்கமாக நோக்குவோம். மையச் செயலகம் முதலில் தாய்ப்பலகையிலுள்ள நினைவகச் சில்லொன்றிற் பதிந்துள்ள நிரலை இயக்குகின்றது. ‘பயோஸ்’ எனப்படும் இது நினைவகத்தையும் பிற உறுப்புகளையும் சோதித்தபின் வட்டொன்றை நாடி, அதன் முதலாவது துண்டத்திலுள்ள 512 எழுத்தலகுகளை நினைவகத்திற்கு ஏற்றி, அதிகாரத்தை அதனிடம் ஒப்படைக்கின்றது. அச்சிறு நிரல் அடுத்ததை ஏற்ற, அது பணிசெயல் முறைமையை ஏற்ற, இறுதியிற் பயனருடைய திரை தோன்றுகின்றது. அண்மைக்காலக் கணினிகளில் பயோசின் இடத்தை ‘யூ.ஈ.எவ்.ஐ.’ எனப்படும் விரிவான முறை பெற்றுள்ளது. அது வட்டின் தனிப் பிரிவொன்றிலுள்ள கோப்பினைத் தேடி இயக்கும். எனினும் ஒவ்வொரு படியும் தனக்கு முந்திய படியை நம்பியே எழுகின்றது என்னும் அடிப்படையில் மாற்றமில்லை.

ஆகவே இச்சங்கிலியில் எவர் முந்துகின்றாரோ அவரே பின்வருவன யாவற்றையும் ஆள்வார். இதனை நடைமுறையில் உணர்த்தியது 1986இல் பாகிஸ்தானின் லாகூரிலிருந்து பரவிய ‘பிரெயின்’ என்னும் நச்சுநிரலாகும். பாசித், அம்ஜத் என்னும் அல்வி சகோதரர்கள் இதனை எழுதினர். தம் மருத்துவ மென்பொருள் அனுமதியின்றிப் பிரதிசெய்யப்படுவதைத் தடுப்பதே தம் நோக்கமென அவர்கள் கூறினர். தம் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் நிரலுக்குள்ளேயே எழுதியுமிருந்தனர். 360 கிலோபைற் கொள்ளளவுள்ள நெகிழ்வட்டின் தொடக்கத் துண்டத்தில் அது தன்னை இருத்தியது. அங்கிருந்த மூல நிரலை வட்டின் வேறோர் இடத்துக்குப் பெயர்த்து, அவ்விடத்தைப் ‘பழுதுற்றது’ எனக் குறித்துக்கொண்டது.

இங்கு முக்கியமானது அதன் மறைப்புத் திறனே. நோயுற்ற கணினியில் எவரேனும் தொடக்கத் துண்டத்தை வாசிக்க முயன்றால், பிரெயின் அவ்வேண்டுகோளை இடைமறித்து, பெயர்த்துவைத்த மூல நிரலை எடுத்துக் காட்டிற்று. நோக்குபவரின் கண்ணுக்கு வட்டு நலமாகவே தோன்றியது.

3. உள்ளிருந்து நோக்குதலின் எல்லை

நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் வட்டினைத் தானே நேரில் வாசிப்பதில்லை. பணிசெயல் முறைமையிடம் ‘இக்கோப்பினைத் தருக’ என வேண்டுகின்றது; முறைமை தருவதையே அது பரிசோதிக்கின்றது. இடையில் நிற்கும் முறைமையை நச்சுநிரல் கைப்பற்றியிருப்பின், விசாரணைக்கான சாட்சியமனைத்தும் குற்றவாளியின் கைவழியாகவே வந்துசேரும்.

2005இல் சோனி பீ.எம்.ஜீ. நிறுவனம் தன் இசைத்தட்டுகளிற் சேர்த்திருந்த பிரதித் தடுப்பு மென்பொருள் இதற்கோர் எடுத்துக்காட்டாகும். குறித்தவொரு முன்னொட்டோடு தொடங்கும் பெயருடைய கோப்புகள் அனைத்தையும் அது வின்டோசின் பட்டியல்களிலிருந்து மறைத்தது. மார்க் ரசினோவிச் இதனை வெளிப்படுத்திய பின்னர் வழக்குகள் எழுந்தன, தட்டுகள் மீளப்பெறப்பட்டன. அல்வி சகோதரர் காலத்திலும் இங்கும் காரணமாகக் காட்டப்பட்டது ஒன்றே: உடைமையைக் காத்தல். பயனரின் கணினியை அவரறியாது ஆள்வதற்கு உடைமையுரிமை நியாயமாக்கப்பட்டமை சிந்தனைக்குரியது.

மென்பொருளை மென்பொருளால் நம்புவதன் எல்லையை, யுனிக்சை ஆக்கியோருள் ஒருவரான கென் தொம்சன், 1984இல் வெளியான தூரிங் விருதுப் பேருரையில் ஆராய்ந்தார். நிரல்களைப் பொறிமொழிக்குப் பெயர்க்கும் தொகுப்பி வஞ்சகமாக மாற்றப்பட்டிருப்பின், மூலநிரலை எவ்வளவு நுணுகி வாசித்தாலும் வஞ்சகம் புலப்படாதென அவர் காட்டினார். ஆய்வுக்குரிய பொருளுக்குப் புறம்பான நிலைக்களம் ஒன்று வேண்டும் என்பதே இவற்றிலிருந்து பெறப்படும் முடிபு. மீட்பு வட்டு அத்தகைய நிலைக்களத்தைத் தருகின்றது.

4. மீட்பு வட்டின் தொழிற்பாடு

மீட்பு வட்டு என்பது தன்னுள் முழுமையான பணிசெயல் முறைமையொன்றைக் கொண்ட இறுவட்டு அல்லது யூ.எஸ்.பீ. நினைவகமாகும். கணினியை இதிலிருந்து தொடக்கும்போது, வன்தட்டிலுள்ள முறைமை துயிலெழுவதேயில்லை. நச்சுநிரலும் அங்கே இயங்காது கிடக்கும். இயங்காத நிரல் வெறும் எழுத்தலகுகளின் தொடரே. அது எதனையும் இடைமறிக்கவோ மறைக்கவோ இயலாது.

வன்தட்டின் உதவியின்றி முழு முறைமையையும் இறுவட்டிலிருந்து இயக்கும் வழியைப் பரவலாக்கியது, ஜேர்மனியரான கிளவுஸ் நொப்பர் 2000இல் வெளியிட்ட ‘நொப்பிக்ஸ்’ ஆகும். அது கட்டற்ற மென்பொருளாகிய லினக்சை அடித்தளமாகக் கொண்டது. வணிக நிறுவனங்கள் இலவசமாக வழங்கிவந்த மீட்பு வட்டுகள் பலவும் லினக்சின் மீதே கட்டப்பட்டவை. கஸ்பேர்ஸ்கி நிறுவனத்தின் வட்டு ஜென்டூ லினக்சைத் தளமாகக் கொண்டது. நச்சுநிரல் தேடும் ‘கிளாம் ஏவி’ என்னும் மென்பொருளும் மூலநிரல் திறந்த நிலையிற் கிடைப்பதாகும். உலகெங்குமுள்ள நிரலாளர் பகிர்ந்தளித்த உழைப்பின் மீதே, தனியுடைமை முறைமைகளின் நோய்தீர்க்கும் மருந்தும் ஆக்கப்படுகின்றது.

நடைமுறையிற் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு வருமாறு.

முதலாவதாக, மீட்பு வட்டினை நோயற்ற வேறொரு கணினியில் ஆக்க வேண்டும். நோயுற்ற கணினியில் ஆக்கப்படும் வட்டின் தூய்மைக்கு உறுதியில்லை. இறக்கிய கோப்பின் ‘ஷா-256’ சரிபார்ப்பெண்ணை வெளியீட்டாளர் தந்த எண்ணோடு ஒப்பிடுதல் வேண்டும். ஒருமுறை மட்டும் எழுதத்தக்க வட்டு, பின்னர் மாற்றியெழுதப்பட முடியாமையாற் சிறந்தது.

இரண்டாவதாக, நோயுற்ற கணினியை வலையமைப்பிலிருந்து துண்டித்து, முற்றாக நிறுத்த வேண்டும். வின்டோசின் விரைவுத் தொடக்க வசதி, நிறுத்தும்போது கருநிரலின் நினைவக நிலையை வட்டில் எழுதிவைக்கும். அந்நிலையில் லினக்ஸ் அவ்வட்டில் எழுத மறுக்கும். அன்றியும், சேமிக்கப்பட்ட நினைவகத்தோடு நச்சுநிரலும் மீண்டெழக்கூடும். மாற்று விசையை அழுத்தியவாறு நிறுத்தக் கட்டளையிடின் முழு நிறுத்தம் நிகழும்.

மூன்றாவதாக, மீட்பு வட்டிலிருந்து தொடக்கியபின், எதனையும் அழிக்குமுன் ஆவணங்களை வேறொரு சேமிப்பகத்திற் பிரதிசெய்ய வேண்டும். ஆய்வேடுகள், தரவுகள், படங்கள் ஆகியனவே பிரதிசெய்யத்தக்கன. இயக்கத்தக்க நிரல்களை உடன் கொண்டுசெல்லலாகாது.

நான்காவதாக, நச்சுநிரற் குறிப்பட்டவணையைப் புதுப்பித்து வட்டு முழுவதையும் பரிசோதிக்க வேண்டும். ஐயத்திற்குரிய கோப்புகளை உடனே அழிக்காது தனிமைப்படுத்தி வைத்தலே தக்கது. இதற்குக் காரணமுண்டு. வின்டோசிற் பயனர் புகும்போது ‘யூசர்இனிற்’ என்னும் நிரல் இயங்கும். நச்சுநிரல் அதன் இடத்தைப் பிடித்திருக்க, பரிசோதகர் அக்கோப்பினை நீக்கிவிட்டால், புகுந்த பயனர் உடனே வெளியேற்றப்படுவார். கணினி அவ்வட்டத்திலேயே சுழலும். கட்டியை அகற்றுமிடத்து அது பற்றியிருந்த உறுப்பினையும் சீர்செய்ய வேண்டுமென்பதைச் சத்திரசிகிச்சை அறிந்தோர் எளிதில் உணர்வர்.

இறுதியாக, துப்புரவின்பின் முறைமையையும் மென்பொருள்களையும் புதுப்பிக்க வேண்டும். கடவுச்சொற்களை நோயற்ற கணினியொன்றிலிருந்து மாற்ற வேண்டும். நச்சுநிரல் அகன்றாலும் அது களவாடிச் சென்ற செய்தி திரும்பி வருவதில்லை.

5. மீட்பு வட்டின் எல்லைகள்

மீட்பு வட்டு சர்வரோக நிவாரணியன்று. எந்தவொரு நிரலும் நச்சுநிரலா அன்றா என எப்போதும் பிழையின்றித் தீர்மானிக்கும் வழிமுறை இருக்கவியலாதெனக் கோகென் தருக்கரீதியாக நிறுவினார். ஆதலால் ‘நோய் காணப்படவில்லை’ என்னும் அறிக்கை ‘நோயில்லை’ எனப் பொருள்படாது. இயங்காத நிரலின் நடத்தையைக் கண்காணிக்க முடியாமையால், மீட்பு வட்டு பெரும்பாலும் அறியப்பட்ட அடையாளங்களையே நம்பியிருக்கின்றது.

மறையாக்கம் செய்யப்பட்ட வட்டு மற்றோர் எல்லையாகும். வின்டோசின் ‘பிற்லொக்கர்’ முறையாற் பூட்டப்பட்ட வட்டினை 48 இலக்கங்கொண்ட மீட்புத் திறவெண் இன்றி வெளியிலிருந்து வாசிக்கவியலாது. கள்வனைத் தடுக்கும் பூட்டு வைத்தியரையும் தடுக்கின்றது.

மூன்றாவது எல்லை மிக ஆழமானது. 2018இல் ஈசெற் நிறுவன ஆய்வாளர் வெளிப்படுத்திய ‘லோஜாக்ஸ்’, தாய்ப்பலகையின் நினைவகச் சில்லிலேயே குடியிருந்தது. வன்தட்டினை மாற்றினும் அது நீங்குவதில்லை. மீட்பு வட்டுக்கு முன்னரே இயங்கத்தக்க இடத்தை நச்சுநிரல் பிடித்துக்கொண்டால், புறம்பான நிலைக்களம் என நாம் கருதியதும் புறம்பானதாக இராது. அப்போது சில்லின் நிரலையே மீளப்பதித்தல் வேண்டும். நோயின் ஆழம் ஐயத்திற்குரியதாயின், ஆவணங்களைக் காத்தபின் வட்டினை முற்றாக அழித்து முறைமையைப் புதிதாக நிறுவுதலே உறுதியான வழியாகும்.

6. திறவுகோல் எவர் கையில்

கணினி, தன் முன் வைக்கப்படும் எந்த வட்டிலிருந்தும் தொடங்கும் என்னும் திறந்த தன்மையே பிரெயினுக்கு வாயிலாயிற்று. மீட்பு வட்டுக்கும் அதுவே வாயில். நோய்க்கும் மருந்துக்கும் வழியொன்றே என்பது இங்குள்ள அடிப்படை முரண்பாடாகும்.

இம்முரண்பாட்டைத் தீர்க்கவென முன்வைக்கப்பட்டது ‘பாதுகாப்பான தொடக்கம்’ எனப்படும் முறை. நம்பகமான திறவுகோலாற் கையொப்பமிடப்பட்ட நிரல்களை மட்டுமே கணினி தொடக்கும் என்பது இதன் சாரம். 2012இல் வெளியான வின்டோஸ் 8 உடன் இது பரவலாயிற்று. தனியாள் கணினிகளிற் பெரும்பாலானவற்றில் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் திறவுகோல்களே பதிக்கப்பட்டு வருகின்றன. லினக்ஸ் வெளியீடுகள் பலவும் அந்நிறுவனத்தின் கையொப்பம் பெற்ற சிறு இடைநிரலொன்றின் துணையுடனேயே தொடங்குகின்றன. வின்டோஸ் 8 காலத்தில், வழமையான தனியாள் கணினிகளில் இம்முறையை நிறுத்தும் வசதி பயனருக்கு அளிக்கப்பட வேண்டுமென அந்நிறுவனம் விதித்திருந்தது. 2015இல் வின்டோஸ் 10 வந்தபோது, அவ்வசதியை அளிப்பதும் விடுவதும் உற்பத்தியாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

பாதுகாப்பின் தேவையை மறுப்பதற்கில்லை. ஆயினும் கையொப்பம் தவறாத காவலன்று. 2023இல் ஈசெற் ஆய்வாளர் ஆராய்ந்து வெளியிட்ட ‘பிளக்லோட்டஸ்’, முறையாகக் கையொப்பமிடப்பட்ட, ஆனால் குறைபாடுடைய பழைய நிரலொன்றைப் பயன்படுத்தியே இக்காவலைக் கடந்தது. குறைபாடு 2022 ஜனவரியிலேயே திருத்தப்பட்டிருந்தும், பழைய நிரலின் கையொப்பம் அப்போது இரத்தாக்கப்பட்டிருக்கவில்லை.

எனவே பூட்டு வேண்டுமா வேண்டாமா என்பது வினாவன்று. தன் கணினியின் பூட்டுக்குரிய திறவுகோலைப் பயனர் தாமே வைத்திருக்கவும், தாம் தெரிந்துகொண்ட வட்டிலிருந்து தொடக்கவும் உரிமையுடையவரா என்பதே வினா. அவ்வுரிமை அற்றுப்போகுமாயின், கணினியின் நலம் பற்றி அதனை விற்றவர் கூறும் சான்றினையே நாம் ஏற்க வேண்டியிருக்கும். நூலகங்களும் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் கணினிகளைக் கொள்வனவு செய்யும்போது, விலையையும் வேகத்தையும் நோக்குவதோடு, தொடக்க முறையை மாற்றும் அதிகாரம் தம்மிடம் விடப்படுகின்றதா என்பதையும் கேட்டறிதல் இன்றியமையாததாகும்.