மைலேஜ் குறைகிறதா? முதலில் மீட்டரைப் பாருங்கள்

பழைய மாருதி 800-க்கு டயர் மாற்றப் போனால், "ஆல்ட்டோ டயரே போட்டுக்கலாம் சார், வண்டி கொஞ்சம் உயரமா நிக்கும்" என்று சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. இரண்டுக்கும் 12 அங்குல ரிம்தான், பொருந்திவிடும். ஆனால் 145/70 இருந்த இடத்தில் 145/80 ஏறினால் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 6 சதவீதம் கூடும். கியர்பாக்ஸிலிருந்து மீட்டருக்கு வரும் கேபிளுக்குச் சுற்றுகளை எண்ண மட்டுமே தெரியும். முள் 80-இல் நிற்கும்போது வண்டி 84-ஐத் தாண்டியிருக்கும். கேமராவில் சிக்கினால் மீட்டரைக் காட்டித் தப்ப முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 183-ஆவது பிரிவின்படி காருக்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை.

மைலேஜ் கணக்கும் இதனால் கெடும். 500 கி.மீ. ஓடிய வண்டி 473 என்று காட்டும். லிட்டருக்கு 16 கொடுப்பது 15 போலத் தெரியும். உடனே கார்புரேட்டரைக் கழற்றுவார்கள், பாவம் அது.

நெடுஞ்சாலையில் பத்து கிலோமீட்டர் கல் தூரம் ஓட்டி, ஓடோமீட்டரோடு ஒப்பிடுங்கள். வேகத்தைச் செல்போன் ஜிபிஎஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். தூரம் சரியாக இருந்து முள் மட்டும் பிசகினால், மீட்டருக்குள் இருக்கும் காந்தமோ சுருள்வில்லோ தளர்ந்திருக்கும்; மீட்டர் மெக்கானிக் சரிசெய்வார். இரண்டும் ஒரே அளவில் பிசகினால் டயரைச் சந்தேகியுங்கள்.

மீட்டர் சரியென்று தெரிந்த பிறகு, டேங்க் நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிடுங்கள். அப்போதும் குறைந்தால் டயர் காற்று, ஏர் ஃபில்டர், முழுதாகத் திறக்காத சோக் ஆகியவற்றைப் பாருங்கள். ஜாக்கி ஏற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்துவிடும். பங்க் மீது சந்தேகமா? முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக்காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 25 மில்லி லிட்டருக்கு மேல் குறைந்தால், எடையளவுச் சட்டத்தைக் கவனிக்கும் தொழிலாளர் துறையிடம் புகார் செய்யலாம்.

பழைய கார் வாங்குவோருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து, வேண்டுமென்றே திருப்பிவைத்த ஓடோமீட்டர். 40,000 கி.மீ. காட்டும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் சர்வீஸ் பதிவுகளைக் கேளுங்கள். விற்றவர் வியாபாரி என்றால், நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் சொல்லலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை. தனிநபர் விற்றிருந்தால் மோசடிப் புகாரோடு காவல் நிலையம்தான். எந்த வழியில் போனாலும் ஆதாரம் கேட்பார்கள். ஆகவே பணம் கொடுக்கும் முன்பே, அன்றைய ஓடோமீட்டர் எண்ணை டெலிவரி நோட்டில் எழுதி, விற்பவரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.