வண்டி இழுக்கவில்லையா? டர்போ மேல் பழி போடுமுன்...

மே மாதம் பிறந்தால் நமக்கெல்லாம் ஊர் நினைப்பு வந்துவிடுகிறது. ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் குடும்பத்தோடு காரிலேயே புறப்பட்டுவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நாங்களும் அப்படித்தான் புனேயிலிருந்து கிளம்பினோம். பன்னிரண்டு வயதான டீசல் கார். சதாரா போகும் வழியில் கம்பாட்கி மலை ஏற்றத்தில் வண்டி திணறியது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் பிக்கப் இல்லை. பின்னால் ஒரே கரும்புகை.

சாலையோர மெக்கானிக் பானெட்டைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்தார். "டர்போ கயா, சாப்!" என்றார். மாற்ற நாற்பதாயிரம் ரூபாயாம்! ஊர்ச் செலவுக்கு வைத்திருந்த பணம் முழுவதும் அதிலேயே போயிருக்கும். நல்லவேளை, இன்னொருவரிடம் காட்டினோம். ரப்பர் குழாய் ஒன்றில் விரல் நீளத்துக்குக் கீறல். சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது.

டர்போ சார்ஜர் என்பது வேறொன்றுமில்லை. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் ப்யூக்கி 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். அச்சு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். அழுத்தப்பட்ட காற்று போகும் வழியில் ஓட்டை இருந்தால், டர்போ நன்றாக இருந்தும் பயனில்லை.

ஆகவே செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். எஞ்சின் சுற்று ஏறுகிறது, வண்டியின் வேகம் ஏறவில்லை என்றால், கிளட்ச் வழுக்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அடுத்து ஏர் ஃபில்டரும் டீசல் ஃபில்டரும். இவை அடைத்திருந்தாலும் இழுவை குறையும்.

பிறகு குழாய்கள். எஞ்சின் ஆறியபின் டர்போவிலிருந்து இன்டர்கூலர் வரை, அங்கிருந்து எஞ்சின் வரை, அடிப்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பியிருக்கும் இடத்தில் கீறலோ தளர்ந்த கிளாம்போ இருக்கலாம். கரும்புகையோடு 'புஸ்' என்ற சத்தமும் கேட்டால் பெரும்பாலும் காற்றுக் கசிவுதான். குழாயின் உள்ளே லேசாக எண்ணெய் இருப்பது சகஜம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று சக்தி குறைந்து, அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிடுகிறதா? எஞ்சினின் கம்ப்யூட்டர் தற்காப்புக்காகச் சக்தியைக் குறைத்திருக்கலாம். ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பி0299 என்று வந்தால் காற்றழுத்தம் போதவில்லை என்று பொருள். டர்போ போய்விட்டது என்று பொருளல்ல! மெல்லிய வேக்குவம் குழாய் வெடித்திருக்கலாம், கரி படிந்து டர்போவின் கண்ட்ரோல் ராடு இறுகியிருக்கலாம்.

கடைசியாகத்தான் டர்போ. நீலப் புகை, எஞ்சின் ஆயில் குறைதல், சைரன் போல ஊளைச் சத்தம் ஆகியவை கெட்ட அறிகுறிகள். எஞ்சின் ஆறியிருக்கும்போது காற்றுக் குழாயைக் கழற்றி அச்சை அசைத்துப் பார்ப்பார்கள். பக்கவாட்டில் சிறிது அசைந்தால் குற்றமில்லை. முன்னும் பின்னும் அசைவது தெரிந்தாலோ, இறக்கைகள் உறையில் உரசியிருந்தாலோ டர்போ முடிந்தது. ஆயில் அதிகமாகக் கசிந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் அலறும் அபாயம் உண்டு.

உண்மையிலேயே மாற்ற நேர்ந்தால், "பழையது ஏன் கெட்டது?" என்று கேளுங்கள். ஆயில் வரும் குழாய் அடைத்திருந்தால் புதியதும் அதே கதிதான். நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டிவந்து நிறுத்தும்போது, ஒரு நிமிஷம் ஐட்லிங்கில் விட்டு அணையுங்கள். ஆயிலை உரிய காலத்தில் மாற்றுங்கள்.

அடுத்த முறை யாராவது "டர்போ போச்சு" என்றால் பணத்தை எடுக்குமுன், "எங்கே, காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். ஊரில் பேரப்பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பாட்டிக்கு வாங்க நினைத்த புடவையாவது மிஞ்சும்!